காவல் வாடகை

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்தவர்களுக்குப் பல வருடம் சோறு போட்டது வாடகைதான், விற்பனை அப்புறம். எங்கள் கடையும் அப்படித்தான். 1950களின் கடைசியில் அப்பா ஆர்.கே. மடம் சாலைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவுக் கடையாகத் தொடங்கினார். எழுபதுகளில் நான் உள்ளே வந்தேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தால் ஒரு கூலி. ஏற்றிய பேட்டரியை ஒரு கல்யாணத்துக்கோ கூட்டத்துக்கோ கச்சேரிக்கோ விட்டால் இன்னொரு கூலி. அந்த இரண்டாவது கூலியின் கதையை எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடையாறிலும் தி.நகரிலும் மின்சாரக் கார் வாங்கியவர்கள், "வாசலில் நிற்கிற காரை வைத்து ஈபிக்குக் கரண்ட் கொடுத்துச் சம்பாதிக்கலாமாமே" என்று கேட்கிறார்கள். சம்பாதிக்கலாம், சில நாடுகளில் செய்து காட்டியும் விட்டார்கள். ஆனால் அந்தப் பணம் எதற்காகக் கிடைக்கிறது என்பது தெரியாமல் கேட்பவர்கள்தான் அதிகம். அதற்கான விடை எங்கள் தொழிலின் பழைய கணக்கு நோட்டில் இருக்கிறது.

இந்த நகரத்துக்கு மின்சாரம் சீக்கிரமே வந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் இங்கேதான் ஓடியது. 1900களின் முதல் பத்தாண்டில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பேசின் பிரிட்ஜில் மின் நிலையம் அமைத்து நகரத்துக்குள் கம்பி இழுத்தது. 1947-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1957 ஜூலையில் மின்வாரியம் பிறந்தது. ஆனால் லஸ் முனையில் விளக்கு எரிந்ததால் அடையாற்றுக்குத் தெற்கே எல்லா வீட்டிலும் எரிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அப்பா கடை போட்ட காலத்தில் திருவான்மியூரும் வேளச்சேரியும் வயலும் ஏரியுமான ஊர்கள். அங்கே வால்வு ரேடியோ வைத்திருந்தவர்கள் சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இன்று விட்டால் நாளை மறுநாள் எடுத்துப் போவார்கள்.

சார்ஜ் ஏற்றும் பலகை கடையின் பின்பக்கம் இருந்தது. கறுப்பு எபோனைட் பெட்டி, மேலே தார் ஊற்றி அடைத்த மூடி, செல்லுக்கு ஒரு திருகு அடைப்பான். எல்லா அடைப்பானையும் கழற்றிவிட்டு, பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, ரெக்டிஃபையரில் இணைத்து ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்ற வேண்டும். காலையில் ஆசிட் நெடி மூக்கைத் துளைக்கும். அப்பா ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தி ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குச்சியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். கிராவிட்டி 1250-க்கு மேல் காட்டினால் நிறைந்தது. 1150-க்கு வந்தால் காலி. அதற்கும் கீழே இறங்கிய பேட்டரியை அப்படியே கிடக்கவிட்டால் பிளேட்டில் வெள்ளை படர்ந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அது எவ்வளவு ஆழம் வரை காலியாகிறது, எத்தனை தடவை காலியாகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கும். எங்கள் தொழிலின் முதல் பாடம் இது.

வாடகைக் கணக்கு இந்தப் பாடத்தின் மேல்தான் நின்றது. அப்பாவின் நோட்டில் வாடகைக்கு இரண்டு பத்தி: ஒன்று 'ஓட்டம்', மற்றொன்று 'காவல்'. தேர்தல் நேரத்தில் ரிக்‌ஷாவில் இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் மைக்செட்காரர் எடுத்துப் போவது ஓட்டம். பேட்டரி நாள் முழுக்க உழைத்து, இரவு காலியாகித் திரும்பும். வந்தவுடன் அவர் கண்ணெதிரிலேயே ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் போட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதற்கேற்ப அப்பா காசு வாங்குவார். மயிலாப்பூர் மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்துக்கும் அதே கணக்குத்தான்.

காவல் என்பது வேறு. மார்கழிக் கச்சேரிக்கோ முகூர்த்த மண்டபத்துக்கோ எடுத்துப் போவார்கள். ஆம்ப்ளிஃபையர் ஓடுவது ஈபி கரண்டில்தான். பேட்டரி மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். பாட்டு நடுவில் கரண்ட் போனால் மைக்காரர் சுவிட்சைத் திருப்புவார், ராகம் அறுபடாது. பெரும்பாலான இரவுகளில் கரண்ட் போகாது. பேட்டரி போன கிராவிட்டியிலேயே திரும்பி வரும். "தொடவே இல்லையே, எதுக்கு ஓய் வாடகை?" என்று சபாக்காரர்கள் கேட்பதுண்டு. "இங்க இருந்த நேரத்துல அது வேற எங்கயும் போகலையே சார், உங்களுக்காகத்தானே உட்கார்ந்திருந்தது" என்பார் அப்பா. காவலுக்கு வாடகை ஓட்டத்தைவிடக் குறைவு. ஆனால் பேட்டரி தேயாததால் கையில் நின்ற லாபம் காவலில்தான் அதிகம். ஓட்டத்துக்கு விட்ட பேட்டரியைச் சீக்கிரம் மாற்ற வேண்டி வந்தது. காவலுக்குப் போனவை வருடக்கணக்கில் உழைத்தன.

நாங்கள் இப்படிப் பேட்டரியால் பிழைத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டின் மின்தொகுப்பும் தனக்கென்று ஒரு காவல் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. ஆனைமலையில் 1980களின் பிற்பகுதியில் வந்த காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட். தேவை குறைந்த நேரத்தில் கீழே உள்ள மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்ளும். தேவை உச்சத்துக்குப் போகும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும். ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரம் இறக்கிக் கிடைப்பதைவிட அதிகம். இருந்தும் அதைக் கட்டியதற்குக் காரணம், வேண்டிய நேரத்தில் சில நிமிடங்களில் ஓடத் தயாராக நிற்கிறது என்பதுதான்.

வாரியத்துக்குத் தனியார் மின்சாரம் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அந்தக் காலத்தில் தொடங்கியதே. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனையாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பிறகு கயத்தாறு, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய் என்று பரவின. அதில் பணம் போட்டவர்களில் கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் முக்கியமானவர்கள். காற்றோ மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். ஆலையோ பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். ஆகவே ஆடிக் காற்றில் கிடைத்த யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, மார்கழியில் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 2006-ஆம் ஆண்டு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு இதற்கு ஐந்து சதவீதம் கட்டணம் வைத்தது. அன்று நூறு யூனிட் போட்டால் தொண்ணூற்றைந்து எடுக்கலாம், ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. தமிழ்நாடு காற்றாலையில் நாட்டுக்கே வழிகாட்டியாக நின்றதில் இந்த ஒரு கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பாடு வாரியம் இதைச் சுமையென்று சொல்லி இறுக்கியதும், வழக்குகள் நடந்ததும் தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே பெரிய மீட்டர்காரர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது என்பதே.

சின்ன மீட்டர்காரர்களுக்கு அப்போது கிடைத்தது இன்வெர்ட்டர். 2008 நவம்பரில் மாநிலம் முழுக்க மின்கட்டுப்பாடு வந்தது. 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். எங்கள் தொழிலில் அப்படி ஒரு காலம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. தி.நகரில் நான்காவது மாடி வரை 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைத் தூக்கிச் சுமந்த பையன்களுக்கு முதுகு போனது. டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனாக விற்றது. ஆனால் தொழில் கொழித்தபோதே எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பேட்டரி ஒன்றில் அடங்குவது ஒன்றே முக்கால் யூனிட் சுமார். அதை நிறைக்க இரண்டரை யூனிட்டாவது இழுக்கும். கரண்ட் திரும்பி வந்த நிமிடமே ஒரு தெருவிலுள்ள எல்லா இன்வெர்ட்டரும் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கும். வீட்டுக்கு 200 வாட் என்று வைத்தாலும் ஒரு லட்சம் வீட்டுக்கு 20 மெகாவாட். தட்டுப்பாட்டைச் சமாளிக்க வாங்கிய பேட்டரி தட்டுப்பாட்டைக் கூட்டியது. நகரமெங்கும் மின்சாரம் சேமிக்கப்பட்டுக் கிடந்தும், மின்தொகுப்புக்கு அதில் ஒரு யூனிட் கூட உதவவில்லை. அதைக் கேட்டு வாங்க வழியும் இல்லை, கொடுத்தவருக்கு விலையும் இல்லை.

அந்தச் சமயத்தில் காந்தி நகரில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ரேவா கார் இருந்தது. 2001-இல் பெங்களூரில் உற்பத்தி தொடங்கிய சிறு மின்சாரக் கார் அது. ஆறு வோல்ட் பேட்டரி எட்டு, மொத்தம் 48 வோல்ட். ஓய்வு பெற்றவர், பகலில் வெட்டு வரும்போது காரும் அவரும் வீட்டில்தான். "கார் சும்மாதானேப்பா நிக்குது, இதுல ஃபேன் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார். ஆபீசுகளுக்குப் போடும் 48 வோல்ட் இன்வெர்ட்டரையும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சையும் வைத்து இணைத்துக் கொடுத்தேன். ஃபேன், விளக்கு, டிவி மூன்றும் இரண்டு மணி நேரம் ஓடின. காரின் சார்ஜில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆழமாக இறங்காததால் தேய்மானம் குறைவு. வண்டிக்கென்று போட்ட பெரிய பேட்டரி காவலுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை அன்றைக்கு என் மீட்டரில் பார்த்தேன்.

மின்தொகுப்புக்கு எந்த மாதிரிக் காவல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். எந்த நொடியிலும் உற்பத்தியும் செலவும் சரியாக இருந்தாக வேண்டும். மாலையில் தி.நகர் ஏ.சி.கள் எல்லாம் ஓடத் தொடங்கினால், எங்கோ உள்ள ஜெனரேட்டர்கள் சிறிதளவு வேகம் குறையும். நொடிக்கு 50 என்ற அதிர்வெண் இறங்கும். தொண்ணூறுகளில் தென்மாநிலத் தொகுப்பில் அது 49-க்குக் கீழே கிடந்தது சாதாரணம். 2003 ஜனவரியில் இங்கே ஒரு புதிய கணக்கு முறை வந்தது. பானு பூஷண் என்ற மின் பொறியாளர் வடிவமைத்தது. சொன்ன அளவுக்கு மேல் மின்சாரம் எடுத்தால், அந்த நேரத்து அதிர்வெண்ணைப் பொறுத்து விலை. 50.5-இல் விலை சுழியம்; 49 வரை இறங்க இறங்க விலை ஏறும். தட்டுப்பாட்டு நேரத்தில் தொகுப்பைத் தாங்கிப் பிடித்தவருக்குப் பணம், இழுத்தவருக்கு அபராதம். அதிர்வெண் மெல்ல ஒழுங்குக்கு வந்தது. 2012 ஜூலையில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தெற்கு தனித் தொகுப்பாக இருந்ததால் தப்பித்தது. 2013-ஆம் ஆண்டின் கடைசி நாள், ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக நாடு முழுக்க ஒரே தொகுப்பானது.

அதன் பிறகு காவலுக்கென்றே தனிச் சந்தை உருவாகத் தொடங்கியது. மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள், மின் நிலையங்களோடு பேட்டரி வைத்திருப்பவர்களும் இந்தச் சேவையைத் தரலாம், பலர் ஒன்றுசேர்ந்தும் தரலாம் என்கின்றன. குறைந்தது ஒரு மெகாவாட் வேண்டும். கட்டளை வந்த 30 நொடிக்குள் அசைய வேண்டும். அனல் நிலையத்தின் கொதிகலன் அதற்குத் திணறும். பேட்டரிக்கு அது கண் இமைக்கும் வேலை. ஏழு கிலோவாட் சார்ஜரில் நிற்கும் கார்கள் என்றால் 150 இருந்தால் ஒரு மெகாவாட் தாண்டிவிடும். பழைய மாம்பலத்திலும் அடையாறிலும் உள்ள சில அடுக்ககங்களும் தரமணியில் ஓர் அலுவலக வளாகமும் சேர்ந்தால் போதும். காடம்பாறைக்கு ஈடாக வேண்டுமானால் 57,000 கார்கள்.

இந்த யோசனையை முதலில் கணக்குப் போட்டு எழுதியவர்கள் அமெரிக்காவில் வில்லட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டண்ட்ரேயும், ஆண்டு 1997. கெம்ப்டன் வேலை பார்த்த டெலவேர் பல்கலைக்கழகத்தில் 2013-இல் மினி கார்கள் சிலவற்றைத் தொகுப்பில் இணைத்து, அதிர்வெண் சேவைக்கு உண்மையான பணம் வாங்கினார்கள். கார் ஒன்றுக்கு நாளைக்கு 5 டாலர் சுமார். டென்மார்க்கின் ஃபிரெட்ரிக்ஸ்பெர்க்கில் 2016 முதல், அந்த ஊரின் எரிவாயு–தண்ணீர் நிறுவனம் தன் நிசான் வேன்களை வேலை முடிந்து மாலையில் சார்ஜரில் மாட்டி, மறுநாள் காலை வரை காவலுக்கு விட்டது. இரண்டு இடத்திலும் கிடைத்த பணம் பெரும்பாலும் தயாராக நின்றதற்கான கூலி. உள்ளே கொஞ்சம் ஏறும், வெளியே கொஞ்சம் இறங்கும். பேட்டரி ஆழமாகக் காலியாவதில்லை. அப்பாவின் இரண்டாவது பத்தி அது.

முதல் பத்தியான ஓட்டத்தில் பணம் வருமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரில் 40 யூனிட் பேட்டரி, அதன் விலை 5 லட்சம், 2,000 தடவை முழுதாக ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் 80,000 யூனிட். ஒரு யூனிட் வெளியே போனால் தேய்மானம் ஆறேகால் ரூபாய். தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. அந்த வித்தியாசத்தை அப்படியே வீட்டுக்குக் கொடுத்தாலும் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான் நிற்கும். ராத்திரி வாங்கி மாலையில் விற்பவர் தன் பேட்டரியைத்தான் விற்றுக்கொண்டிருப்பார். யூனிட் வியாபாரத்தில் சின்ன மீட்டர்காரருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கூரை சோலார் வரலாறும் சொல்கிறது. 2012-இல் மாநிலம் சூரிய சக்திக் கொள்கை அறிவித்தது, அடுத்த வருடம் நெட் மீட்டர் உத்தரவு வந்தது. 2019-இல் கணக்கு மாறி, மிச்ச யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு என்றானது. 2021-இல் வீடுகளுக்குப் பழைய நெட் மீட்டர் திரும்பியது. விதி மாறும் ஒவ்வொரு தடவையும் மொட்டை மாடியில் லட்சக்கணக்கில் போட்டவர்கள் பேனாவோடு உட்கார்ந்து திரும்பக் கணக்குப் பார்த்தார்கள்.

கார்களோ தயாராகிவிட்டன. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் ஒன்றுசேர்த்த ஐயோனிக் 5, 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோதே 3.6 கிலோவாட் வரை வெளியே மின்சாரம் தரும் வசதியோடு வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் டாடாவின் மின்சார நெக்ஸானிலும் அது வந்தது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து, தென்சென்னையின் தாழ்வான பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் ஒரு கார் ஒரு வீட்டுக்கு விளக்கும் ஃபிரிட்ஜும் ஓட்டும். ஆனால் காரிலிருந்து பிளக் இழுத்து வீட்டுச் சாதனத்தை ஓட்டுவது ஒன்று, தெருக் கம்பிக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது வேறு. தெருவில் கரண்ட் இல்லாதபோது கார் அந்தக் கம்பிக்குள் ஒரு வோல்ட்கூட அனுப்பக் கூடாது. கம்பத்தின் மேல் லைன்மேன் இருப்பார். இன்வெர்ட்டர் போட்ட காலத்தில் சேஞ்ச்-ஓவர் சுவிட்சைச் சரியாக மாட்டாமல் நான் ஒரு வீட்டைவிட்டும் இறங்கியதில்லை. இருவழி சார்ஜருக்கும் அந்தப் பாதுகாப்புதான் முதல் நிபந்தனை.

மீட்டரும் ஓரளவு வந்துவிட்டது. தி.நகரில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் மாட்டப்பட்டன. கேரள மின்வாரியம் ஐஐடி பம்பாயோடு சேர்ந்து 2025-இல் காரிலிருந்து தொகுப்புக்கு மின்சாரம் எடுக்கும் முன்னோடித் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. அதே வருடம் ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மாநகரின் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. குறித்த நேரத்தில் வந்து நின்று குறித்த நேரத்தில் கிளம்பும் பேருந்துதான், ஃபிரெட்ரிக்ஸ்பெர்க் வேனைப் போல, காவலுக்கு முதலில் பொருந்தும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் தயாராக நிற்கும் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் விலை உண்டு.

இல்லாதது ஒன்றே ஒன்று: காவலுக்கு நம் மாநிலத்தில் வீட்டு மீட்டர்காரருக்கு ஒரு கட்டண விகிதம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதைத் தனியாக வகுக்க வேண்டும். கிலோவாட்டுக்கு மணிக்கு இவ்வளவு என்று நின்றதற்கு ஒரு கூலி, உண்மையில் இறங்கிய யூனிட்டுக்குத் தேய்மானத்தையும் ஈடுகட்டும் வேறொரு கூலி. காலையில் ஆபீஸ் போக இத்தனை சதவீதம் மிச்சம் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் உரிமை காருக்குச் சொந்தக்காரருடையதாக இருக்கட்டும். விதியை ஐந்து வருடமாவது மாற்றுவதில்லை என்ற உறுதியும் வேண்டும். காற்றாலைக்காரருக்கு முப்பது வருடங்களுக்கு முன்பே கணக்கு எழுதிக் கொடுத்த மாநிலம் இது. அடையாறில் ஒரு கார் வைத்திருப்பவருக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க அதற்குத் தெரியும். எழுதினால், கார்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும்.